பவளக்காலியை நாரை ஆக்காதீர்கள்

ரெட்ஷேங்க் (redshank) என்ற சிறு கரைப்பறவைக்கு, பறவைக் குறிப்பு ஒன்றில் ‘செங்கால் நாரை’ என்று மீண்டும் ஒரு மொழிபெயர்ப்பு. இதற்குத் தமிழ்நாட்டுப் பறவை நோக்கர்களிடம் நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது: பவளக்காலி. பவளநிறக் காலை உடையது. இதன் உறவுப் பறவை பச்சைக்காலி. சொல் வரலாறு இவ்வளவுதான்.

செங்கால் நாரை முற்றிலும் வேறு பறவை. சத்திமுத்தப் புலவர் தூது விட்டது அதைத்தான்; ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் நிற்பது. நிதானமாக அடியெடுத்து வைத்து இரை தேடுவது. மரத்திலும் கூரையிலும் கூடு கட்டுவது. பவளக்காலியோ அலகு முதல் வால் வரை 28 சென்டிமீட்டர்தான். விறுவிறுவென நடந்து, சேற்றைக் கொத்திப் புழு, நத்தை, சிறு நண்டு எடுக்கும். கூடு தரையில், புல்லுக்குள். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் சாம்பல் நாரை எப்போதும் நிற்கிறது. குறிப்பில் ‘நாரை’ என்று படித்த பிள்ளை அதைத்தானே பார்க்கும்? சேற்றில் ஓடுவதை யார் கவனிப்பார்கள்?

‘செம்மையும் பவளமும் ஒன்றுதானே’ என்பவர்களுக்கு: ஒன்றல்ல. பவளம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. வளர்ந்த பறவையின் காலும் அலகின் அடிப்பாதியும் அந்த நிறமே. இளம்பறவைக்குக் கால் இன்னும் மஞ்சளாக இருக்கும். சேறு அப்பிவிட்டால் எந்த நிறமும் தெரியாது. அப்போது பறக்கும்வரை பொறுக்க வேண்டும்: இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை, முதுகில் வெள்ளை ஆப்பு. பச்சைக்காலிக்கு முதுகு வெள்ளை உண்டு, இறக்கைப் பட்டை கிடையாது.

ஒரு சிக்கல் உண்மையானது. நீண்ட இளஞ்சிவப்புக் கால்களும் ஊசிபோன்ற கறுப்பு அலகும் கொண்ட இன்னொரு பறவையைப் ‘பவளக்கால் உள்ளான்’ என்றும் எழுதுகிறார்கள். அதற்கு நெடுங்கால் உள்ளான் என்ற பெயரே பொருத்தம். குழப்பம் அதோடு தீரும்.

நீளக்கால் என்றாலே நாரை, இல்லையென்றால் கொக்கு என்று எழுதுவது மொழிபெயர்ப்பாளர்களின் கெட்ட பழக்கம். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் என்று கரைப்பறவைகளுக்குத் தமிழில் பெயர் கொட்டிக் கிடக்கிறது. அகராதியில் காலின் நிறத்தை மட்டும் தேடாமல், பறவையின் நீளத்தையாவது பார்த்துவிட்டு எழுதட்டும். நேரில் பார்ப்பது இன்னும் நல்லது: செப்டம்பர் முதல் மார்ச் வரை, கடல் ஏறி அருகிலுள்ள மண்டாய் சேற்றுத்திட்டு மூழ்கும் நேரத்தில், பவளக்காலிகள் ஓய்வெடுக்கச் சுங்கை பூலோ குளங்களுக்குக் கூட்டமாக வந்து இறங்கும்.