பாய் இறங்கும்போது பூமை யார் பிடிப்பது?

அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் விரிகுடாக் கரையில் இருக்கும் அனாபொலிஸ் ஊரில் பாய்மரப் படகுகளுக்கு ரிக்கிங் வேலை செய்கிறேன். பாய்மரம் நிறுத்துவது, கம்பி மாற்றுவது, கயிறு கோப்பது எல்லாம் என் வேலை. போன வருடம் சீசன் ஆரம்பத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் படகைக் கொண்டுவந்தார்கள். பழைய கேட்டலினா 22, வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கணவன், மனைவி இருவர். மனைவியின், அந்தத் தங்கச்சியின், இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் ஊதா நிறமாக இருந்தது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு காக்பிட்டில், அதாவது படகின் பின்பக்கம் உட்காரும் குழியில், உட்கார்ந்திருக்கிறார். கணவர் மரத்தடியில் நின்று பெரிய பாயை இறக்கக் கயிற்றை அவிழ்த்திருக்கிறார். பாயின் அடிவிளிம்பை நீட்டிப் பிடிக்கும் நீளத் தண்டான பூம் நேராகத் தங்கச்சியின் தோளில் வந்து இறங்கிவிட்டது. ஒரு சாண் உள்ளே தள்ளி விழுந்திருந்தால் தலை.

"அண்ணே, ஓட்டும்போது அது கல்லு மாதிரி நிக்குது. பாய்தான் அதைத் தூக்கிப் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தோணவே இல்லை" என்றார் கணவர், அந்தத் தம்பி.

அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். புதிதாகப் படகு வாங்குகிற பலருக்கும் இது தோன்றுவதில்லை. பூமின் முன்முனை மரத்தில் கூஸ்நெக் என்ற கீலில் மாட்டியிருக்கும். பின்முனையைப் பிடிப்பது பாயின் பின்விளிம்பு மட்டுமே. பாயை ஏற்றும் கயிற்றை, நம் கடற்கரையில் ஆஞ்சான் என்பார்களே, அதைத் தளர்த்திய அந்த நொடியில் பின்முனைக்குப் பிடிமானம் போய்விடும். கீழே இருப்பவர் தலைக்கும் அதற்கும் நடுவே காற்றுதான்.

கேட்டலினா 22 நல்ல படகு. 1969-ல் ஃபிராங்க் பட்லர் வடிவமைத்தது, பதினைந்தாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்திவிடலாம் என்பதால் முதல் படகாகப் பலரும் வாங்குவது இதைத்தான். பழைய படகுகள் பலவற்றில், மர உச்சியிலிருந்து படகின் பின்பக்கம் இறங்கும் கம்பியிலிருந்து ஒரு துண்டுக் கம்பி கொக்கியோடு தொங்கும். பிக்டெயில் என்பார்கள். துறையில் கட்டி நிற்கும்போது பூமின் முனையை அதில் மாட்டிவிடலாம். அதற்கு மட்டும் அது சரி.

ஆனால் பாயை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதை மாட்டியே வைத்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன். மாட்டிய பூம் படகின் நடுவிலிருந்து அசையாது. அந்த நேரம் படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பினால் பாய் நிறையும், பூமை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றை விட்டாலும் காற்று வெளியேறாது, படகு அப்படியே சாயும். பதறிய கையால் அந்தச் சின்னக் கொக்கியை, அதுவும் இழுவிசையில் இருக்கும்போது, கழற்ற முடியாது. பிக்டெயில் மாட்டிய நிலையில் பாயைத் தொடவே தொடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரி மட்டும் நினைவில் நிற்குமானால் அது இதுவாக இருக்கட்டும்.

பூமோடு சேர்ந்து நகரும் தாங்கல்தான் வேண்டும். அதற்கு நடைமுறையில் இரண்டு வழி. மர உச்சியிலிருந்து பூம் முனைக்கு வரும் டாப்பிங் லிஃப்ட் கயிறு ஒன்று. மரத்தின் அடியிலிருந்து சாய்வாக மேலே வந்து பூமைக் கீழிருந்து தாங்கும் தாங்கி இன்னொன்று. இந்த அளவுப் படகுகளுக்குப் பெரும்பாலும் பூம்கிக்கர் மாதிரியான, வளைந்து கொடுக்கும் ஃபைபர்கிளாஸ் தண்டுகளைப் போடுவோம். வாங் என்பது பூமைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிறு. பெரிய படகுகளில் அதற்குப் பதில் ஸ்பிரிங் வைத்த திட வாங் வரும். கட்டையால் செய்த கவட்டை போன்ற தாங்கியும் உண்டு. அது கட்டி நிற்கும் படகுக்கு மட்டும்தான்.

செலவு பார்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது டாப்பிங் லிஃப்ட். ஒரு கணக்கைப் பாருங்கள். 3 மீட்டர் பூம், மேலே சுருண்டு கிடக்கும் பாயையும் சேர்த்து 15 கிலோ, எடையின் மையம் கூஸ்நெக்கிலிருந்து 1.4 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். பின்முனையில் தூக்கிப் பிடிக்க 7 கிலோ விசை போதும். 4 மில்லிமீட்டர் கயிறே தாராளம். அதே பூமைக் கீழிருந்து தாங்க, தாங்கியின் அடி கூஸ்நெக்குக்கு 60 சென்டிமீட்டர் கீழே, தலை பூமில் 1 மீட்டர் தள்ளி என்றால், தண்டில் விழும் அழுத்தம் 40 கிலோவைத் தாண்டும். சின்னப் படகில் கேபின் கூரைக்கும் பூமுக்கும் நடுவே இடம் குறைவு, தாங்கி படுத்தாற்போல்தான் வரும். அதனால்தான் இவ்வளவு.

இனி இதே பூமின் முனையில் 70 கிலோ ஆள் ஒருவர் சாய்ந்து தொங்குகிறார் என்று போட்டுப் பாருங்கள். தண்டுக்கு 400 கிலோவுக்கு மேல் கூடுகிறது. தாங்கியைப் பூமோடு பிடிக்கும் பிளேட்டில் இருக்கும் நாலு ரிவெட்டுகளை நம்பி யாரும் பூமில் கை ஊன்றி எழக்கூடாது. தாங்கி இருக்கிறது என்ற தைரியம்தான் அப்படி ஊன்ற வைக்கிறது. படகில் ஏறும் விருந்தாளிகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டாப்பிங் லிஃப்டின் நீளத்தில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பாய் முழுசாக ஏறி, ஷீட்டும் இறுக்கியிருக்கும்போது கயிறு கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். இறுகியிருந்தால் பூமின் பாரத்தைக் கயிறு வாங்கிக்கொள்ளும், பாயின் பின்விளிம்பு சரியாக நிற்காது. பாய் இறங்கியதும் பூம் நாலு விரல் தாழ்ந்து அங்கேயே நிற்க வேண்டும், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே. தளர்ந்த கயிறு பின்பக்கக் கம்பியிலும் பாயில் செருகிய விறைப்புப் பட்டைகளிலும் போய்ச் சிக்கும். கயிற்றை ஒட்டி ஒரு துண்டு எலாஸ்டிக் கயிறு கட்டிவிட்டால் தொய்வை அது சுருட்டிக்கொள்ளும். அப்புறம், பின்விளிம்பில் உரசும் இடத்தில் தையல் தேய்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

தம்பி கேட்டது கீழ்த்தாங்கி. ஓட்டும்போது ஒரு கயிறு குறையும், காற்று குறைவான நாளில் வாங்கைத் தளர்த்தினால் பூமை அதுவே மேலே தூக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது உண்மைதான். படகிலும் ஏற்கெனவே ஒரு தாங்கி இருந்திருக்கிறது, தண்டு போய்விட்டது, பிளேட் மட்டும் மிச்சம். ஏதோ ஒரு பட்டறையில் போட்டது. எவர்சில்வர் பிளேட், அலுமினிய பூம், அலுமினிய ரிவெட், நடுவில் எதுவுமே வைக்கவில்லை. பிளேட்டின் ஓரமெல்லாம் ஈர உப்பு மாதிரி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் நெம்பினேன். ஒரு ரிவெட்டின் தலை சில்லாகக் கழன்று கையில் வந்தது. இரண்டாவதும் வந்தது. தொட்டால் உதிர்கிற ஒன்றைத் தாங்கி என்று நம்பி யாரோ அதன் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செசபீக் தண்ணீர் முழுக் கடல் அளவுக்கு உப்பில்லை. இருந்தாலும் எவர்சில்வரும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அதனால் பிளேட்டுக்குக் கீழே மெல்லிய நைலான் தகடு, ஓட்டைகளில் டெஃப்-ஜெல் போன்ற பசை, மோனல் ரிவெட். மோனல் என்பது நிக்கலும் செம்பும் சேர்ந்த கலவை, அலுமினிய ரிவெட்டைவிட மிக உறுதி. அதற்கும் அலுமினியத்தோடு ஆகாது, ஆகவே பசை இல்லாமல் அடிக்காதீர்கள். 4.8 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 4.9 ஓட்டை. கையால் அழுத்தும் சின்ன ரிவெட் துப்பாக்கி மோனலுக்குப் போதாது, நீளக் கைப்பிடி வைத்தது வேண்டும்.

மரை வெட்டி ஸ்க்ரூ போடலாமே என்று கேட்பார்கள். சின்ன பூமின் சுவர் 2 மில்லிமீட்டர் என்றால் எம்5 ஸ்க்ரூவுக்கு இரண்டரை மரைதான் கிடைக்கும். ஆடி ஆடி அது கழன்றுவிடும்.

துளை போடுவதற்கு முன்னால் ஒரு வேலை. காற்றில்லாத நாளில், துறையிலேயே பாயை முழுசாக ஏற்றி, ஓட்டும்போது பூம் நிற்கும் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கை முழுசாக இறுக்கி இன்னொரு குறி. தண்டின் நீளம் இந்த இரண்டு குறிகளை வைத்துத்தான். நீளம் கூடினால் பாயை எதிர்த்துப் பூமைத் தூக்கும், குறைந்தால் தலைக்கு வரும். பாயை இறக்கும் முன் பூமின் பின்முனையை ஒரு கயிற்றால் மேலே கட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

கூஸ்நெக்கைப் பார்க்காமல் விடாதீர்கள். பழைய சிறு படகுகள் பலவற்றில் அது மரத்தின் பள்ளத்தில் மேலும் கீழும் நகரும். எடையின் மையம் தாங்கிக்கு வெளியே இருப்பதால், பின்முனை கீழே அழுந்தும்போது முன்முனை மேலே எழப் பார்க்கும், தராசு மாதிரி. அதோடு தாங்கி பூமைப் பின்பக்கமாகவும் தள்ளும். கூஸ்நெக்குக்கு மேலே ஒரு நிறுத்தி போடாவிட்டால், பாய் இறங்கியதும் முன்பக்கம் ஏறி, பின்பக்கம் தாழ்ந்து, செலவழித்ததெல்லாம் வீண். தம்பியின் படகில் நிறுத்தி இல்லை, போட்டோம். டிரெய்லர் படகு என்பதால் தண்டின் இரண்டு முனையிலும் கழற்றக்கூடிய முளையாணியும் வளையமும். மரத்தைச் சாய்க்கும்போது தாங்கியைக் கழற்ற மறந்தால் பிளேட் பிய்ந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் காக்பிட்டில் ஒருவரும் இல்லாமல் 20 லிட்டர் தண்ணீர் கேனைப் பூமின் முனையில் கட்டித் தொங்கவிட்டோம். தண்டு வில் மாதிரி வளைந்தது. பத்து நிமிடம் கழித்து ரிவெட்டுகளை விரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. கேனை எடுத்ததும் பூம் பழைய குறிக்கே வந்து நின்றது.

மறுநாள் விரிகுடாவில் பாயை ஏற்றி, படகைக் காற்றுக்கு நேரே திருப்பி, தம்பி ஆஞ்சானை விட்டார். தங்கச்சி அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பாய் மடிந்து மடிந்து இறங்கி முடிகிற வரைக்கும் அவர் பூமைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலு விரல் தாழ்ந்து நின்றது. "நின்னுடுச்சு, நீங்க கட்டுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுச் சுக்கானைத் திருப்பினார்.