நிலைவாழ்வு வேறு, சாகாவரம் வேறு

ஞாயிறு பள்ளிப் பாடங்களில், இயேசுவை விசுவாசிக்கிறவர்களுக்கு வாக்களித்த வாழ்வைக் குறிக்கும் 'நித்திய ஜீவன்' என்ற வேதாகமச் சொல்லைப் பிள்ளைகளுக்கு எளிமையாக்குகிறோம் என்று 'சாகாவரம்' போட்டுவிடுகிறார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வந்த பாடநூல் ஒன்றில் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'இயேசு நமக்குச் சாகாவரம் தருகிறார்' என்று இருந்தது. சமீபத்தில்தான் ஆச்சியை அடக்கம் பண்ணிவிட்டு வந்திருந்த ஒரு சிறுமி, "அப்போ எங்க ஆச்சிக்கு ஏன் குடுக்கல? ஆச்சி தினமும் ஜெபம் பண்ணுவாங்களே" என்று கேட்டாள். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க அந்தச் சொல்லில்தான்.

புதிய ஏற்பாட்டின் மூலத்தில் இருப்பது 'ஸோயே ஐயோனியோஸ்' என்ற கிரேக்கத் தொடர். ஸோயே என்றால் உயிர், வாழ்வு. ஐயோன் என்றால் யுகம், ஊழி. ஐயோனியோஸ் அதிலிருந்து வந்த பெயரடை. வரப்போகிற யுகத்துக்கு உரிய வாழ்வு என்பது அன்றைய யூதர்களின் காதில் விழுந்திருக்கும் பொருள். அதாவது காலத்தின் நீளம் மட்டும் இல்லை, அந்த வாழ்வு எப்படிப்பட்டது என்பதும் உள்ளே இருக்கிறது. யோவான் 17:3இல் இதற்கு நேரடியான விளக்கமே உண்டு: ஒன்றான மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்திய ஜீவன். அறிதல் என்கிறது, சாகாமல் இருத்தல் என்று சொல்லவில்லை.

சரி, சாகாவரத்துக்கு வருவோம். தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தவம் இருந்து, சாமியை வரவழைத்து, தனக்குச் சாவே வரக்கூடாது என்று கேட்பது. இரணியன் கேட்டது அந்த வகைதான்: மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது, பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. கேட்பவன் தவத்தால் சம்பாதிக்கிறான், கிடைத்தபின் சாவு அவனைத் தொடாது. இந்த இரண்டுமே கிறிஸ்தவ நம்பிக்கைக்கு நேர் எதிர். 'கிருபைவரமோ நித்தியஜீவன்' என்று ரோமர் 6:23இலேயே வரம் வருகிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். வருகிறது, ஆனால் அங்கே அது 'சம்பளம்' என்ற சொல்லுக்கு எதிராக நிற்கிறது. பாவத்துக்குச் சம்பளம் மரணம், இதுவோ சம்பளமே இல்லை, சும்மா தந்தது என்பதுதான் அந்த நிருபத்தை எழுதிய பவுல் சொல்ல வருவது. அப்புறம், என் சண்டை 'வரம்' என்பதோடுகூட இல்லை, 'சாகா' என்பதோடு. 'என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்' என்று யோவான் 11:25 சொல்கிறது. மரித்தாலும். சாவு உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நம்பிக்கையே தொடங்குகிறது. சாகாவரம் என்ற சொல் அந்த 'மரித்தாலும்' என்பதை அழித்துவிடுகிறது.

இன்னும் சிலர் 'மரணமில்லாப் பெருவாழ்வு' என்று எழுதுகிறார்கள். கேட்க அழகுதான். ஆனால் அது வள்ளலார் வழியில் ஆழமான, தனிப்பொருள் உள்ள தொடர். இந்த உடம்பே ஒளியுடம்பாகி அழியாமல் நிற்பதைப் பற்றியது. அடக்கம் பண்ணி, உயிர்த்தெழுதலுக்குக் காத்திருக்கும் மரபு அதைக் கடன் வாங்கினால் இரண்டு மரபுக்கும் நியாயம் செய்ததாகாது.

அப்படியானால் பழைய 'நித்திய ஜீவன்' போதாதா என்றால், பெரியவர்களுக்குப் போதும். 1871 மொழிபெயர்ப்பு வழியாகப் பல தலைமுறைகளின் வாயில் ஊறிய சொல், அதில் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் இன்றைய பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது? நித்தியகல்யாணி, நித்திய பூஜை என்னும்போது நித்தியம் என்றால் தினப்படி. 'வாயில்லா ஜீவன்' என்று ஆட்டுக்குட்டியைச் சொல்கிறோம். இரண்டையும் சேர்த்தால் அதற்கு என்ன புரியும்?

திருவிவிலியம் என்ற 1995 பொது மொழிபெயர்ப்பு 'நிலைவாழ்வு' என்று போட்டது. என் கட்சி அதுதான். நில் என்ற வேரில் பிறந்த சொல், 'இது நிலையா நிக்குமா?' என்று பேச்சிலும் புழங்குவது. வள்ளுவர் 'நிலையாமை' என்று ஓர் அதிகாரமே வைத்த மொழி இது. நேற்று இருந்தவன் இன்று இல்லை என்று சொன்ன அந்தச் சொல்லுக்கு நேர் எதிரே போய் நிற்கிறது நிலைவாழ்வு. வாழ்வு என்பதையும் கவனியுங்கள். வாழ்க்கை என்றால் நாள் ஓட்டுவதும் அடங்கும், ஆகையால்தான் 'முடிவில்லாத வாழ்க்கை' என்றதும் பிள்ளைகள் "போரடிக்காதா சார்?" என்று கேட்கிறார்கள். 'அவனுக்கு வந்த வாழ்வைப் பாரு' என்னும்போது வாழ்வில் செழிப்பும் நிறைவும் சேர்ந்தே வருகின்றன. ஸோயேயின் தன்மையும் அதுதான். 'அது கத்தோலிக்கர் சொல்' என்று எங்கள் சபைப் பெரியவர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். பொது மொழிபெயர்ப்பு என்ற பெயரே, கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் சபையார் என்ற இரு தரப்பும் சேர்ந்து செய்ததால் வந்தது.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, சாவைப் பூசி மெழுகுவதும் நிற்க வேண்டும். பிள்ளைகளிடம் 'தாத்தா தூங்குறார்' என்கிறோம். கல்லறையிலும் சுவரொட்டியிலும் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுதுவது பெரியவர்களுக்கு உவமை; ஐந்து வயதுக்கு அது தூக்கமேதான், அன்று ராத்திரி படுக்கப் பயப்படும். 'உறங்குவது போலும் சாக்காடு' என்ற குறளில்கூட 'போலும்' இருக்கிறது. இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவைப் பற்றி, நித்திரையடைந்திருக்கிறான் என்று இயேசு சொன்னபோது சீஷர்களே, அப்படியானால் சுகமடைவான் என்று தப்பாக எடுத்துக்கொண்டார்கள். உடனே அவர் 'லாசரு மரித்துப்போனான்' என்று வெளிப்படையாகச் சொன்னார். வளர்ந்த ஆட்களுக்கே அப்படி உடைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலப் பாடங்களை அப்படியே தமிழில் இறக்குகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. 'தேவனுக்கு இன்னொரு தேவதூதன் வேண்டும், அதனால் தம்பியை எடுத்துக்கொண்டார்' என்று ஒரு பாடம் சொல்கிறது. மனிதர் செத்துத் தேவதூதர் ஆவதாக வேதத்தில் எங்கும் இல்லை. மரணத்தைக் கடைசிச் சத்துரு என்று 1 கொரிந்தியர் 15:26 சொல்லும்போது, அதைத் தேவனுடைய ஆசையாக்கிப் பிள்ளைக்கு அவர்மேலேயே பயம் வரவைக்கிறோம்.

அந்தச் சிறுமிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஆச்சி இறந்துட்டாங்க, இனி மூச்சு விட மாட்டாங்க, அவங்களுக்கு வலிக்காது, பசிக்காது. நமக்கு அழுகை வரும், லாசருவுக்காக இயேசுவும் அழுதார். ஆச்சிக்கு இயேசுவைத் தெரியும், அவருக்கும் ஆச்சியைத் தெரியும். அந்த உறவு சாவோடு அறுந்துபோகாது, ஒருநாள் அவர் ஆச்சியை எழுப்புவார். அதற்குப் பெயர் நிலைவாழ்வு.