எந்த உளவியல் சிகிச்சை உங்களுக்குப் பொருந்தும்?

"கவுன்சிலிங் போய்ப் பார்த்துவிட்டேன், பயன் இல்லை" என்று சொல்லி என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்களிடம், அங்கே என்ன செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மனம்விட்டுப் பேசியதும் சில அறிவுரைகளைக் கேட்டுக்கொண்டதும் தவிர வேறெதுவும் நடக்கவில்லை என்பார்கள் பலர். சிக்கலுக்குப் பொருந்தாத முறையைப் பெற்றுவிட்டு, குறை தம்மிடமே இருப்பதாக அவர்கள் முடிவுகட்டிக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயை எடுத்துக்கொள்வோம். அழுக்கு பட்டுவிட்டதோ என்ற எண்ணம் ஓயாமல் எழுவதால் தோல் உரியும்வரை கை கழுவுபவரிடம் "ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்று வாரந்தோறும் ஆறுதல் சொன்னால், அந்த நிம்மதி சில மணி நேரமே நிற்கும். பிறகு அவர் அதே ஆறுதலை மீண்டும் தேடுவார், நோயும் வலுப்பெறும். 1966-இல் உளவியலாளர் விக்டர் மேயர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த சிகிச்சை முறை இதற்கு நேர்மாறானது. அஞ்சும் பொருளைப் படிப்படியாகத் தொடச் செய்து, தொட்டபின் கழுவாமல் இருக்கப் பழக்கி, பதற்றத்தைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பதையும் அஞ்சியது நடக்கவில்லை என்பதையும் அவரே கண்டறியச் செய்கிறது. தொடக்கத்தில் இது கடினமாகத்தான் இருக்கும். ஆயினும் ஓசிடிக்கான உளவியல் சிகிச்சைகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுவே. வீட்டாரும் ஆறுதல் சொல்வதைச் சிறிது சிறிதாகக் குறைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதால், அவர்களையும் ஓரிரு அமர்வுகளுக்கு அழைக்கிறோம்.

மனச்சோர்வுக்கு, மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் முறை, நன்கு உதவுகிறது. இழப்பையோ உறவுச் சிக்கலையோ ஒட்டி வந்த சோர்வாயின், உறவுகளை மையமாகக் கொண்ட ஐபிடி முறையையும் கருதலாம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் போக்கு தொடருமானால், கொந்தளிக்கும் உணர்வுகளைக் கையாளக் கற்றுத்தரும் டிபிடி என்ற, உளவியலாளர் மார்ஷா லினஹான் வகுத்த முறையில் பயிற்சி பெற்றவரைத் தேடுவது நல்லது.

முறை சரியாக இருந்தாலும், சிகிச்சையாளரிடம் நம்பிக்கை பிறக்காவிட்டால் அது முழுப் பலன் தராது. ஆகவே முதல் அமர்விலேயே தயங்காமல் கேளுங்கள்: என் சிக்கலை எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள், எந்த முறையைக் கையாளப் போகிறீர்கள், ஏறத்தாழ எத்தனை அமர்வுகள் ஆகும், முன்னேற்றத்தை எதைக்கொண்டு அறிவோம்? இக்கேள்விகளுக்குச் சினம் கொள்பவரிடம் தொடர வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. மருத்துவ உளவியலாளராயின், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேட்பதும் உங்கள் உரிமை. சில வாரங்கள் சென்றும் மாற்றம் தெரியவில்லையெனில், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அதை அவரிடமே பேசினால் முறையை மாற்றவோ வேறொருவரிடம் அனுப்பவோ வழி பிறக்கும்.

யாருமில்லாமல் குரல் கேட்பது, தூக்கமின்றி நாட்கணக்கில் அளவுமீறிய உற்சாகம், தற்கொலை எண்ணம் ஆகியவை இருந்தால், எந்த முறை என்று தேடிக்கொண்டிராமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். கட்டணம் தடையாக இருப்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற இலவச எண்ணில், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில், தமிழிலேயே பேசலாம்.