நிலையலை: நடுவில் ‘ஆன’ எதற்கு?

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாணவர்களுக்கான அறிவியல் பட்டறை. பயிற்றுநர் ஒரு கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைப் பிடித்து ஒரே சீராக ஆட்டினார். கயிறு இரண்டு மடலாக உப்பியது. நடுவில் ஒரு புள்ளி மட்டும் அசையவே இல்லை. “இதுதான் நிலையான அலை” என்றார். ஆட்டுவதை நிறுத்தினார், கயிறு தொங்கிவிட்டது. முன்வரிசைப் பையன் கேட்டான்: “ஐயா, நிலையானதுன்னு சொன்னீங்க, அதுக்குள்ள போயிடுச்சே?”

அவன் கேட்டது நியாயம். இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பொறுமை போய்விட்டது.

ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு அலைகள் எதிரெதிராக வந்து கலந்தால், அலை முன்னே ஓடாமல் இருந்த இடத்திலேயே ஆடும். அதிரும் பாத்திரத்து நீரில் 1831இல் ஃபாரடே இதைக் கண்டார். 1860 வாக்கில் மெல்டே என்ற ஜெர்மானியர் ‘நிற்கும் அலை’ என்ற பொருளில் பெயர் வைத்தார். தமிழில் ‘நில்’ தரும் ‘நிலை’ போதும்: நிலையலை.

‘நிலை’ வேறு, ‘நிலையான’ வேறு. ஆளுயரக் கண்ணாடியை நிலைக்கண்ணாடி என்கிறோம். நிலையான கண்ணாடி என்று யார் சொல்கிறார்கள்? தேர் நிலைக்கு வந்தது என்றால், அடுத்த திருவிழாவுக்குக் கிளம்பாது என்றா பொருள்? ‘ஆன’ சேர்ந்தவுடன் நீடிப்பது, மாறாதது என்று ஆகிவிடுகிறது: நிலையான வேலை, நிலையான வருமானம். நிலையலையோ ஊட்டும் ஆற்றல் நின்றதும் தேய்ந்துபோகும்.

இதைவிட மோசம் ‘அசையா அலை’. மலாயில் ‘கெலொம்பாங் பெகுன்’ என்பார்கள். ‘பெகுன்’ என்றால் அசையாதது. அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்துப் பெயர்த்தால் இப்படித்தான் வரும். அசையாதது கணு மட்டும்தான், அதாவது கயிற்றின் நடுவில் அசையாமல் நின்ற அந்தப் புள்ளி. கணுவுக்குக் கணு நடுவில், எதிர்க்கணுவில், ஆட்டம் உச்சத்தில் இருக்கும். (கரும்பிலிருந்து வந்த ‘கணு’ எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!)

வீட்டிலேயே பார்க்கலாம். மைக்ரோவேவ் அடுப்பின் சுழல்தட்டை எடுத்துவிட்டு, பச்சை அப்பளங்களைப் பரப்பிக் கொஞ்ச நேரம் வையுங்கள். சில இடம் பொரிந்திருக்கும், சில இடம் பச்சையாகவே கிடக்கும். உள்ளே இருப்பது நிலையலை. அதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஆட்டம் மிகுந்த இடத்தில் சூடு. அலை அசையவில்லை என்றால் அப்பளம் எப்படிப் பொரியும்?

வெப்ப ஒலி இயந்திரமும் அப்படித்தான். குழாய்க்குள் மெல்லிய தகடுகளை அடுக்கி, அடுக்கின் ஒரு முனையைச் சூடாக்கி மறுமுனையைக் குளிர்வாக வைத்தால், உள்ளிருக்கும் வாயு தானாகவே பாடத் தொடங்கும். வெப்பம் ஒலியாகிறது, குழாய்க்குள் அந்த ஒலி நிலையலையாக ஆடுகிறது, அந்த ஆட்டம் மின்னாக்கியை ஓட்டுகிறது. ‘அசையா அலை’ மின்சாரம் தரும் என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன புரியும்?

சொல்லைப் பெயர்க்கும் முன் பொருளைப் பார்க்கவேண்டும். நம்மில் பலர் அகராதியோடு நின்றுவிடுகிறோம், அப்புறம் பிள்ளைகளுக்கு அறிவியல் தமிழ் வரவில்லை என்று வருந்துகிறோம். பட்டறை முடிந்ததும் பயிற்றுநரிடம் பேசினேன். “தாளில் அப்படித்தான் இருக்கிறது” என்றார். அடுத்த முறை அச்சடிக்கும் முன் அந்த ‘ஆன’வை எடுத்துவிடக் கேட்டிருக்கிறேன்.