ஆங்கில பிளேஸ்மென்ட் டெஸ்ட்: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஆங்கில வகுப்பில் சேரும்முன் வைக்கும் பிளேஸ்மென்ட் டெஸ்டில் பாஸ், ஃபெயில் கிடையாது. எந்த வகுப்பில் உட்கார்ந்தால் பாடமும் புரியும், புதிதாகக் கற்கவும் விஷயம் இருக்கும் என்று பார்ப்பதற்குத்தான் அது. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் மாதிரி அதை விசாவுக்குக் காட்ட முடியாது.

முடிவு பெரும்பாலும் ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (மிக உயர்ந்த நிலை) வரையுள்ள ஆறு நிலைகளில் ஒன்றாக வரும். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோல் இது. அரை மணி நேரத்தில் ஐம்பது பேரைத் தோராயமாகப் பிரித்து உட்காரவைக்க, இலக்கணமும் சொல்வளமும் கலந்த ஒரு கேள்வித்தாள் நன்றாகவே உதவும்.

ஆனால் பேச்சை அது தொடுவதில்லை. 'ஷீ ___ லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்ற கேள்விக்கு 'ஹேஸ்' என்று சரியாகக் குறிப்பவரே, பேசும்போது 'ஷீ இஸ் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்பார். நாலு விடைகளில் சரியானதைக் கண்டுகொள்வது வேறு, யோசிக்க நேரமில்லாதபோது வாயில் வருவது வேறு. வாசிப்பில் பி2, பேச்சில் ஏ2 என்று இருப்பவர்கள் ஏராளம். ஒற்றை மதிப்பெண் இந்த இடைவெளியை மூடி மறைத்துவிடும்.

அடுத்தது குருட்டாம்போக்கு. 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை என்று வையுங்கள். 20 கேள்விக்கு உண்மையிலேயே விடை தெரிந்தவர் மீதியைக் கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியாக இன்னும் 5 கிடைக்கும். 24-ல் அடுத்த நிலை தொடங்கினால், அவர் தாங்க முடியாத வகுப்பில் போய் உட்காருவார். அதனால் 'தெரியாது' என்ற பொத்தான் இருந்தால் தயங்காமல் அழுத்துங்கள். டெஸ்டுக்கென்று படிக்காதீர்கள், அகராதியைத் திறக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள்.

சில கணினித் தேர்வுகள் சரியாகச் சொல்லச் சொல்லக் கேள்வியைக் கடினமாக்கும். கடைசியில் பாதிக்குப் பாதி தப்பாகப் போனதுபோல் தோன்றினால் பதற வேண்டாம். உங்கள் எல்லையைத் தேடிப் பிடிப்பதுதான் அதன் வேலை.

மதிப்பெண் இரண்டு நிலைகளுக்கு நடுவில் விழுந்தால், பத்து நிமிடப் பேச்சும் ஒரு பத்தி எழுத்தும் கேட்டு வாங்கிப் பார்க்கும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். இன்னொரு நாள் எழுதினால் ஓரிரு மதிப்பெண் ஏறலாம், இறங்கலாம். வரிக்கு வரி அகராதி தேவைப்பட்டாலோ, பாடம் முழுக்க ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தாலோ, முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே வகுப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பாடம் போன பிறகு மாறினால், போன இடத்திலும் விட்ட பாடத்தைத் துரத்த வேண்டியிருக்கும்.