வெயிலிலிருந்து எலும்புக்கு: வயதாக ஆக வைட்டமின் டி எங்கே குறைகிறது?

மூடிய ஜன்னலின் கண்ணாடி வழியாக வெயில் சுள்ளென்று விழுகிறது. அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் உடம்பு சூடேறும், வியர்க்கும், கொஞ்ச நேரத்தில் கண்ணும் சொக்கும். ஆனால் மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் தோலில் வைட்டமின் டி ஏறக்குறைய உருவாகவே உருவாகாது. வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடுகிற கண்ணாடி, இந்த வேலைக்கு வேண்டிய கதிரை மட்டும் வெளியிலேயே நிறுத்திவிடுகிறது.

அந்தக் கதிரின் பெயர் யுவிபி. புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை. அலைநீளம் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருகிறது. அந்த நீண்ட பாதையில் ஓசோன் படலம் யுவிபியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால்தான் விடிந்தும் விடியாததுமாக அடிக்கும் இளவெயில் இதமாக இருக்கிறதே தவிர, வைட்டமின் டிக்குப் பெரிதாக உதவுவதில்லை. இதற்குக் கடிகாரம்கூட வேண்டாம், நிழலைப் பார்த்தால் போதும். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் யுவிபி குறைவு. உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கிடைக்கிறது.

சரி, அந்தக் கதிர் தோலில் பட்டதும் என்ன ஆகிறது? தோலின் செல்களில் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்றொரு பொருள் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கொலஸ்ட்ராலாக மாறுவதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் மூலக்கூறு அது. நான்கு வளையங்களைக் கோத்து வைத்ததுபோல இருக்கும். யுவிபி பட்டவுடன் அதில் ஒரு வளையம் படக்கென்று உடைந்து திறந்துகொள்கிறது. திறந்த மூலக்கூறு இன்னும் வைட்டமின் டி ஆகிவிடவில்லை, அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறது. அப்புறம் பல மணி நேரம் உடம்பின் வெதுவெதுப்பிலேயே கிடந்து மெல்லத் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு வைட்டமின் டி3 ஆகிறது. வெயில் தொடங்கி வைக்கிறது, உடல்சூடு முடித்து வைக்கிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதில் உள்ள தடுப்புதான். வெயிலில் கூடுதல் நேரம் நின்றால், வளையம் திறந்த அந்த முந்தைய மூலக்கூறையே வெயில் மறுபடி தாக்கி லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்று எலும்புக்கு உதவாத வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. நாள் முழுக்க வெயிலில் வேலை செய்பவருக்குத் தோல் கறுக்கலாம், கன்றிப்போகலாம். வைட்டமின் டி மட்டும் நஞ்சாகும் அளவுக்குச் சேராது. மாத்திரைக்கு இப்படி ஒரு தடுப்பு கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உடம்பே செய்துகொள்ளும் பொருளுக்கு வைட்டமின் என்ற பெயர் எப்படி வந்தது? 1919இல் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து, ஓட்ஸ் கஞ்சியை முக்கிய உணவாகக் கொடுத்து வளர்த்தார். அவற்றுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வந்தது. காட் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்ததும் சரியானது. ஆக, இது உணவிலிருந்து வரும் ஏதோ ஒரு சத்து என்று முடிவாயிற்று. ஏ, பி, சி எழுத்துகள் ஏற்கெனவே போய்விட்டதால் 1922இல் எல்மர் மெக்காலம் இதற்கு 'டி' என்று பெயர் வைத்தார்.

அதே 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி வேறொரு வழியில் போனார். ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளுக்குப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைக் காட்டியே குணப்படுத்தினார். பிறகு ஒரு கையில் மட்டும் ஒளியைக் காட்டிப் பார்த்தார். ஒளி படாத மறு கையின் எலும்பும் சேர்ந்தே தேறியது. அந்த மறு கையில்தான் விஷயமே இருக்கிறது. ஓர் இடத்தில் உருவாகி, ரத்தத்தோடு பயணம் செய்து, வேறோர் இடத்தில் வேலை செய்யும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். வைட்டமின் டியின் உண்மையான சாதி ஹார்மோன்தான்; பெயர்தான் மாறிப்போய்விட்டது.

தோலில் பிறந்ததும் அது நேராக வேலைக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போய் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகிறது. ரத்தத்தில் இரண்டு மூன்று வாரங்கள் நின்று உலவும் சேமிப்பு வடிவம் இது. ரத்தப் பரிசோதனையில் 'வைட்டமின் டி இவ்வளவு' என்று வரும் எண் இதைத்தான் குறிக்கிறது. அடுத்த நிறுத்தம் சிறுநீரகம். அங்கே இன்னொரு மாற்றம் நடந்து கால்சிட்ரியால் என்ற வீரியமான வடிவம் கிடைக்கிறது. இது செல்லுக்குள் நுழைந்து, தனக்கென்று இருக்கும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து, டிஎன்ஏயின் மீதே போய் உட்கார்ந்து மரபணுக்களை முடுக்குகிறது. குடலில் அப்படி முடுக்கப்படும் மரபணுக்கள், கால்சியம் உள்ளே வருவதற்கான வாசலையும் அதைச் சுமந்து செல்லும் புரதத்தையும் உண்டாக்குகின்றன. வைட்டமின் டி போதாதபோது உணவிலுள்ள கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் உடம்பில் சேர்கிறது. போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 சதவீதம். ஒரே சாப்பாடுதான், கிடைப்பது மட்டும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படுகிறது.

கால்சியம் குடலில் கிடைக்காவிட்டால் உடம்பு சும்மா இருக்காது. இதயத் துடிப்பும் நரம்பும் தசையும் அதை நம்பி இருப்பதால் ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் இறங்கினாலும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். அவை சுரக்கும் ஹார்மோன் எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்குக் கொண்டுவரும். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று வரும். எலும்பு தேய்ந்துகொண்டிருப்பது அதில் தெரியாது.

இனி வயதுக்கு வருவோம். இந்தப் பாதையில் ஏறக்குறைய ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதுமை கை வைக்கிறது. முதல் அடி தோலில். வயதாக ஆகத் தோல் மெலிவதோடு, அதிலுள்ள 7-டீஹைட்ரோகொலஸ்ட்ராலும் குறைகிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில் 8 முதல் 82 வயது வரையானவர்களின் தோல் துண்டுகள் மீது ஒரே அளவு புற ஊதா ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். முதியவர்களின் தோலில் உருவானது, இளையவர்களின் தோலில் உருவானதில் பாதிகூட இல்லை. போதாததற்கு, நடமாட்டம் குறைந்தவர்கள் வெளியே வருவதும் குறைவு. தோலில் மெலனின் என்ற கருநிறமி அதிகம் உள்ளவர்களுக்கு அது யுவிபியை முன்னாலேயே உறிஞ்சிவிடும் என்பதால் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

கல்லீரல் பெரும்பாலும் காலை வாருவதில்லை. சிறுநீரகம் அப்படியில்லை, வருடங்கள் போகப் போக அதன் திறன் இறங்குவதால் கால்சிட்ரியால் தயாரிப்பும் தடுமாறும். கடைசி நிறுத்தமான குடலோ, கால்சிட்ரியால் வந்து சேர்ந்தாலும் இளமையில் கேட்டதுபோல அதன் பேச்சைக் கேட்பதில்லை.

எலும்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், தசையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடுமையான குறைபாடு உள்ள ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, உடம்பைத் தள்ளி மேலே ஏற்றுவார். தொடையும் இடுப்பும் பலவீனமாகிப்போனதன் அடையாளம் அது. குறைபாட்டில் அதிகம் மெலிபவை, சட்டென்று வேலை செய்யும் வேகத் தசை இழைகள். கால் இடறும்போது அரை நொடிக்குள் மறு காலை முன்னால் வைத்து விழாமல் காப்பவையும் அவைதான். தசை தளர்வதால் விழுகிறார்கள், எலும்பு மெலிந்திருப்பதால் உடைகிறது.

அப்படியானால் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன? ஒரு பழைய ஆய்வு அந்த நம்பிக்கையைத்தான் தந்தது. 1992இல் வெளியான அந்த ஆய்வில், பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வயது 84. ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 800 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் டியும் 1.2 கிராம் கால்சியமும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் அதைத் தொடர்ந்து எடுத்தவர்களிடம் இடுப்பு எலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது.

பிறகு அமெரிக்காவில் 'வைட்டல்' என்ற பெரிய ஆய்வு வந்தது. 25,871 பேர், தினமும் 2,000 ஐ.யு., ஐந்து வருடங்களுக்கு மேல். புற்றுநோய் வருவது குறையவில்லை, மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. தன்னுடல் தாக்கு நோய்கள் மட்டும் 22 சதவீதம் குறைந்தன. ஆஸ்திரேலியாவில் 60 வயதைத் தாண்டிய 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மாதம் ஒருமுறை 60,000 ஐ.யு. கொடுத்துப் பார்த்தார்கள், இறப்பு விகிதம் மாறவில்லை.

இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தெரிகிறதல்லவா? மோதவில்லை என்பது என் கருத்து. பிரான்சுப் பெண்கள் வைட்டமின் டி வற்றிப்போன நிலையில் இருந்தவர்கள். வைட்டல் ஆய்வுக்கு வந்தவர்களின் சராசரி அளவோ தொடக்கத்திலேயே மில்லிலிட்டருக்கு 30.8 நானோகிராம். பெரும்பாலானோருக்கு 20 இருந்தாலே எலும்புக்குப் போதும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தானே செய்யும்?

இன்னொரு குழப்பமும் உண்டு. வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு நோய்கள் அதிகம் என்று எண்ணற்ற ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் நோயாளி வெளியே போவதில்லை, வெயில் படுவதில்லை. அதனாலேயே அளவு இறங்கியிருக்கலாம். உடம்பில் அழற்சி இருந்தாலும் இந்த எண் இறங்கும். எது காரணம், எது விளைவு என்று பிரிக்காமல் பல வருடங்கள் இதற்கு அளவுக்கு மீறிய புகழ் சேர்ந்துவிட்டது.

வழிந்து போனால்கூடப் பரவாயில்லை, சில சமயம் கெடுக்கவும் செய்யும். 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் ஐ.யு. கொடுத்தார்கள். தினமும் மாத்திரை விழுங்கும் தொல்லை இல்லை என்பதுதான் யோசனை. நடந்ததோ நேர்மாறு: மருந்து எடுத்தவர்கள் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள், எலும்பு முறிவு 26 சதவீதம் அதிகமானது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைக் குளோத்தோ எலிகள் இன்னும் பளிச்சென்று காட்டுகின்றன. 1997இல் ஜப்பானிய விஞ்ஞானி மகோட்டோ குரோ-ஓவின் குழு, ஒரு மரபணு கெட்டுப்போனால் எலிகள் சில வாரங்களிலேயே கிழடு தட்டிப்போவதைக் கண்டது. தோல் மெலிந்தது, எலும்பு தேய்ந்தது, ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்தது. இரண்டு மாதங்களில் செத்துப்போயின. வாழ்க்கை நூலை நூற்பவள் என்று கிரேக்கர்கள் சொல்லும் தேவதையின் பெயரை அந்த மரபணுவுக்கு வைத்தார்கள். பிறகுதான் காரணம் தெரிந்தது. குளோத்தோ புரதம், சிறுநீரகத்தில் பாஸ்பேட்டை வெளியேற்றவும் கால்சிட்ரியால் உற்பத்திக்குக் கடிவாளம் போடவும் உதவுகிறது. அது இல்லாவிட்டால் கால்சிட்ரியால் தறிகெட்டு ஏறி, கால்சியமும் பாஸ்பேட்டும் ரத்தத்தில் மிஞ்சிப்போகின்றன. அந்த எலிகளுக்கு வைட்டமின் டி இல்லாத தீவனம் கொடுத்தபோது முதுமையின் பல அறிகுறிகள் பின்வாங்கின. இதற்கு மறுகோடியில், வைட்டமின் டியின் ஏற்பியே இல்லாத எலிகளுக்கும் முடி கொட்டுகிறது, தோல் சீக்கிரமே சுருங்குகிறது. கூடினாலும் மூப்பு, குறைந்தாலும் மூப்பு.

2025இல் 'வைட்டமின் டி முதுமையைத் தள்ளிப்போடும்' என்ற செய்தி பல இடங்களில் வந்தது. வைட்டல் ஆய்வின் ஒரு பகுதியாகச் சுமார் ஆயிரம் பேரின் டெலோமியர்களை அளந்திருந்தார்கள். டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனியில் இருக்கும் உறை. செல் பிரியும்தோறும் கொஞ்சம் குட்டையாகும். நான்கு வருடம் மாத்திரை எடுத்தவர்களின் வெள்ளணுக்களில் இந்தத் தேய்மானம் சுமார் 140 டிஎன்ஏ எழுத்துகள் அளவுக்குக் குறைந்திருந்தது. சுவாரஸ்யமான முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளணுவின் டெலோமியர் நீளமும் மனிதரின் ஆயுளும் ஒன்றாகிவிடாது. நீண்ட டெலோமியர் சில புற்றுநோய்களோடு சேர்ந்தும் வருகிறது. அதே வருடம் ஐரோப்பாவின் 'டூ-ஹெல்த்' ஆய்வு, டிஎன்ஏயில் பதியும் வேறு வகை வயதுக் குறிகளை அளந்தபோது வைட்டமின் டி மட்டும் தனியாகப் பெரிய மாற்றம் எதையும் காட்டவில்லை. பத்து வயது குறையும் என்று யாராவது விற்றால் நான் வாங்க மாட்டேன்.

எவ்வளவு வேண்டும் என்றால், 2011இல் அமெரிக்க நிபுணர் குழு வகுத்த கணக்கு 70 வயது வரை தினமும் 600 ஐ.யு., அதற்கு மேல் 800 ஐ.யு. (40 ஐ.யு. என்பது ஒரு மைக்ரோகிராம்). மருத்துவர் சொல்லாமல் 4,000ஐத் தாண்டக் கூடாது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2024இல் தந்த வழிகாட்டுதல், ஆரோக்கியமானவர்கள் சும்மா ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டாம் என்கிறது. 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் பரிசோதனை இல்லாமலே சிறு அளவில் தினசரி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது.

இது கொழுப்பில் கரையும் பொருள். மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளிவிட முடியாது, வாரக்கணக்கில் உடம்பிலேயே தங்கும். மிகவும் கூடிவிட்டால் தாகம், மலச்சிக்கல், சோர்வு, மறதி, மனக்குழப்பம் வரும். இந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இவை வந்தால் வீட்டில் எல்லோரும் 'வயசாயிடுச்சு' என்றுதான் சொல்வார்கள். கால்சியம் மாத்திரையில் கொஞ்சம், மல்டிவைட்டமினில் கொஞ்சம், தனியாக ஒரு வைட்டமின் டி என்று மூன்று புட்டிகளிலிருந்தும் ஒரே பொருள் போய்க்கொண்டிருக்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்றையும் பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் வைத்துவிடுங்கள்.