நாற்பது தாண்டிட்டீங்களா? உங்க என்பிஎஸ் காசு எதுல கிடக்குன்னு ஒரு தடவை பாருங்க

கம்பெனில சம்பளத்தோட என்பிஎஸ் (நேஷனல் பென்ஷன் சிஸ்டம், ஓய்வுக்காலத்துக்கான சேமிப்பு) பிடிக்கிறாங்க, மார்ச்ல டாக்ஸ் ப்ரூஃப் கேட்கறப்ப ஸ்டேட்மென்ட் எடுத்து அனுப்புறதோட சரி, அதுக்கப்புறம் அந்த அக்கவுன்ட் பக்கமே போறதில்ல. நிறைய பேர் இப்படித்தான் இருக்காங்க. ஆனா 42, 45 வயசுல இருக்கிற ஒருத்தர் கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் அந்த ஸ்டேட்மென்ட்லயே இருக்கு: உங்க காசுல எவ்வளவு பங்குச்சந்தைல இருக்கு, எவ்வளவு கடன் பத்திரத்துல இருக்கு. இதை நீங்க சொல்லலன்னா சிஸ்டமே உங்களுக்காக முடிவு பண்ணிடும், அந்த முடிவு உங்க மத்த சேமிப்பைப் பத்தி எதுவும் தெரியாம எடுத்த முடிவு.

இது தனியார் கம்பெனி ஊழியர்களுக்காக எழுதுறது, அரசு ஊழியர்களுக்கு விதி கொஞ்சம் வேற.

என்பிஎஸ்ல டயர் 1-ன்ற முக்கிய பென்ஷன் அக்கவுன்ட்ல முக்கியமா மூணு பெட்டி: இ-ன்னா பங்கு, சி-ன்னா கம்பெனி கடன் பத்திரம், ஜி-ன்னா அரசுக் கடன் பத்திரம். இதுல எவ்வளவு எதுக்குன்னு பிரிக்க ரெண்டு வழி. ஆக்டிவ் சாய்ஸ்ல நீங்களே சதவீதம் போடணும், பங்குல அதிகபட்சம் 75% வரைக்கும் வைக்கலாம். ஆட்டோ சாய்ஸ்ல உங்க வயசைப் பார்த்து சிஸ்டமே ஒவ்வொரு வருஷமும் உங்க பிறந்த நாளன்னிக்கு பங்கைக் குறைச்சுக்கிட்டே வரும். நீங்க எதையுமே டிக் பண்ணலன்னா ஆட்டோ சாய்ஸ்ல எல்சி 50-ல (எல்சின்னா லைஃப் சைக்கிள், வயசுக்கேத்த மாதிரி பிரிக்கிற திட்டம்) போய் விழும். 2025 அக்டோபர்ல இருந்து 100% பங்கு வரைக்கும் போற புது ஸ்கீம்களும் தனியா வந்திருக்கு, அதுக்கு விதிகள் தனி, அவசரப்பட்டு உள்ள போகாதீங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். எல்சி 75-ன்னு பேரைப் பார்த்தா 75% பங்குல இருக்குன்னு தானே தோணும்? 35 வயசு வரைக்கும்தான் அது 75. அதுக்கப்புறம் 45 வயசு வரைக்கும் வருஷத்துக்கு 4%, அப்புறம் 50 வரைக்கும் 3% குறையும், 40 வயசுல 55, 45 வயசுல வெறும் 35, 50 வயசுல 20 தான். எல்சி 50 எடுத்தவருக்கு 45 வயசுல 30, 50 வயசுல அதே 20. அதாவது அம்பதாவது வயசுல ரிஸ்க் எடுக்கிறேன்னு எல்சி 75 எடுத்தவரும், நடுவால போறேன்னு எல்சி 50 எடுத்தவரும் ஒரே இடத்துலதான் நிக்கிறாங்க. எல்சி 25 எடுத்தவருக்கு 45 வயசுல 15% தான் பங்கு. அதனால இருபத்தெட்டு வயசுல எதைத் தேர்ந்தெடுத்தீங்கன்றது இப்ப பெருசா உதவாது, இன்னிக்கு எத்தனை சதவீதம்னு பாருங்க. 2024 அக்டோபர்ல பேலன்ஸ்டு லைஃப் சைக்கிள்னு ஒண்ணு சேர்த்தாங்க, அதுல 50% பங்கு 45 வயசு வரைக்கும் அப்படியே இருக்கும், அப்புறம்தான் மெதுவா இறங்கும். ஆட்டோல இருக்கணும், ஆனா இவ்வளவு சீக்கிரம் குறைய வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு இது நல்ல தேர்வுன்னு நான் சொல்லுவேன்.

ஏன் சீக்கிரம் குறையுறது பிரச்சனைன்னா, உங்களுக்கு பிஎஃப்னு ஒண்ணு ஏற்கனவே ஓடிட்டிருக்கு. பேசிக், டிஏ-ல 12% நீங்க, 12% கம்பெனி, கம்பெனி போடுற 12%-ல ஒரு பகுதி பென்ஷன் ஸ்கீமுக்குப் போயிடும், மிச்சம் எல்லாம் பிஎஃப்ல. இதுல எதுல முதலீடு பண்றதுன்னு உங்களுக்கு எந்த உரிமையும் இல்ல, வருஷா வருஷம் அறிவிக்கிற வட்டி வரும், 2023-24க்கும் 2024-25க்கும் 8.25%. நம்ம கணக்குல பார்த்தா இது கிட்டத்தட்ட முழுக்க பத்திரம் மாதிரிதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. வயசு 45, பிஎஃப்ல 20 லட்சம், என்பிஎஸ்ல 10 லட்சம், எல்சி 50. என்பிஎஸ்ல பங்கு 30%, அதாவது 3 லட்சம். மொத்தம் 30 லட்சத்துல 3 லட்சம், வெறும் 10%. இன்னும் பதினஞ்சு வருஷம் வேலை இருக்கு, அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் அந்தக் காசுலதான் வாழணும், விலைவாசி ஏறிக்கிட்டே இருக்கும், இதுக்கு 10% பங்கு போதுமா? அதே ஆளு ஆக்டிவ்ல 75% போட்டா 7.5 லட்சம், மொத்தத்துல 25%. பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்ல. 2020 மார்ச் மாதிரி சந்தை 38% விழுந்தாலும் அந்த 7.5 லட்சத்துல சுமார் 2.85 லட்சம் குறையும், மொத்தத்துல பார்த்தா பத்து சதவீதத்துக்கும் கம்மி. அந்த வருஷம் நவம்பருக்குள்ள நிஃப்டி பழைய உச்சத்துக்கே வந்துடுச்சு, ஆனா 2008ல விழுந்தது திரும்ப ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதையும் மனசுல வெச்சுக்கணும்.

அதனால பிஎஃப்ல நல்ல தொகை இருக்கிற 40-50 வயசுக்காரங்க என்பிஎஸ்ல பங்கை 60%-ல இருந்து 75% வரைக்கும் வைக்கிறது நியாயம்தான்னு நினைக்கிறேன். பிஎஃப்பே இல்லாம என்பிஎஸ் மட்டும்தான் எல்லாமேன்னா 50% பக்கம் நில்லுங்க. ஏற்கனவே மியூச்சுவல் ஃபண்ட்ல எஸ்ஐபி பெருசா போகுதுன்னா அதையும் கூட்டி கணக்கு பாருங்க. சந்தை விழுந்த உடனே பதறிப்போய் ஜி-க்கு மாத்திடுவீங்கன்னு உங்களைப் பத்தி உங்களுக்கே தெரிஞ்சா 75 உங்களுக்கு வேணாம், குறைச்சு வெச்சு அப்படியே விடுறது எவ்வளவோ மேல்.

ஜி பத்தி ஒண்ணு. அரசுப் பத்திரம்னா குறையவே குறையாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. இது நீண்ட காலப் பத்திரங்கள், நாட்டுல வட்டி விகிதம் ஏறினா பழைய பத்திரத்தோட விலை இறங்கும், உங்க என்ஏவியும் (ஒரு யூனிட்டோட விலை) இறங்கும். பங்கு மாதிரி ஆடாது, ஆனா பிஎஃப் மாதிரி நேரா ஏறிக்கிட்டே போகாது.

மாத்துறது கஷ்டமில்ல. ப்ரான் நம்பர் (உங்க என்பிஎஸ் அக்கவுன்ட் நம்பர்) போட்டு லாகின் பண்ணி ஸ்கீம் ப்ரிஃபரென்ஸ் சேஞ்ச்னு இருக்கும், ஓடிபி வரும், முடிஞ்சது. ஒரு நிதியாண்டுல நாலு தடவை மாத்தலாம், ஃபண்ட் மேனேஜரை ஒரு தடவை. மாத்தினா ஏற்கனவே சேர்ந்த காசும் சேர்த்து மாறும், அதுக்கு வரியும் கிடையாது, மியூச்சுவல் ஃபண்ட்ல வித்து மாத்தினா லாபத்துக்கு வரி வரும் இல்லையா, அது இங்க இல்ல, இது பெரிய சலுகை. சில கம்பெனில ஆரம்பத்துலயே அவங்களே தேர்வு பண்ணி வெச்சிருப்பாங்க, உங்க லாகின்ல மாத்த முடியலன்னா ஹெச்ஆர்ட்ட கேளுங்க. ஆக்டிவ்ல இருக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும்: 60 போட்டா அது தானா 60லயே நிக்காது, சந்தை ஏறினா 68 ஆகும், விழுந்தா 50 ஆகும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது நீங்கதான் சரி பண்ணணும்.

கம்பெனி உங்க என்பிஎஸ்ல போடுற தொகைக்கு புது வரி முறைல பேசிக், டிஏ-ல 14% வரைக்கும் விலக்கு உண்டு, பழைய முறைல 10%. பேசிக், டிஏ சேர்த்து 50,000ன்னா புது முறைல மாசம் 7,000 வரைக்கும். கம்பெனியோட பிஎஃப், என்பிஎஸ் எல்லாம் சேர்த்து வருஷம் 7.5 லட்சத்தைத் தாண்டினா மட்டும் தாண்டினதுக்கு வரி.

55 வயசுக்கு மேல கதை மாறும். அறுபதுல வெளிய வர்றப்ப ஒரு பகுதிக்கு கட்டாயமா ஆன்யுட்டி (மொத்தமா காசு கொடுத்து வாழ்நாள் பென்ஷன் வாங்குறது) வாங்கணும், தனியார் ஊழியர்களுக்கு அது முன்னாடி 40%, 2025 டிசம்பர்ல 20% ஆக்கிட்டாங்க. ஆன்யுட்டி ஒரே நாள்ல, அன்னிக்கு இருக்கிற தொகைக்கு வாங்குறது, அந்த நேரம் பார்த்து சந்தை விழுந்திருந்தா வாழ்நாள் முழுக்க குறைஞ்ச பென்ஷன்தான். அதனால அந்தப் பகுதியை 57, 58 வயசுக்குள்ள பங்குல இருந்து இறக்கிடுங்க. மிச்சத்தை மொத்தமா எடுக்கணும்னு அவசியமில்ல, மாசா மாசமோ மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிற வசதி 2023லயே வந்துடுச்சு, அப்ப 75 வயசு வரைக்கும்னு இருந்ததை 2025 டிசம்பர்ல 85 ஆக்கிட்டாங்க, எடுக்காத காசு உங்க பிரிப்புப்படி தொடர்ந்து முதலீட்டுலயே இருக்கும்.